கதவு சார்

விருதுநகர்
மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

துரை எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர இங்கே குறை ஒன்றும் இல்லை. உங்கள் கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விடுகிறீர்களா? காதுக்கு வாங்கிய புது மிஷினைப் போட்டுக்கொண்டால் போனில் பேசலாம் என்று உங்கள் மகள் ரோஷினி சொன்னாள். போன ஞாயிறு பேசிப் பார்த்தோமே, நான் கத்த, நீங்கள் கத்த, கடைசியில் இந்தத் தெருவே நம் குடும்பக் கதையைக் கேட்டதுதான் மிச்சம். நமக்குக் கடிதம்தான் சரி.

உங்கள் மகன் சரவணக்குமார் வீட்டுக்கு வந்திருந்தான். சாத்தூர் சாலையில் நாலு மாடிக் கல்யாண மண்டபம் ஒன்று கட்டுகிறான் அல்லவா, அங்கே பாதுகாப்புப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமாம். "பாலிடெக்னிக்ல பிள்ளைகளுக்குக் கட்டட வேலை சொல்லிக் குடுத்தீக. இப்ப வீட்டுச் சுவரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கீக. அதுக்கு என் சுவரைப் பார்க்கலாம்ல, மாமா" என்றான்.

நான் கரும்பலகையில் கட்டிய வீடுகள்தான் அதிகம் என்று சொன்னேன். அவன் கேட்கவில்லை. என் வீட்டுக்காரி மங்களம் கண்ணை மூடியபிறகு இந்த வீட்டில் மிக்ஸிச் சத்தம்கூட இல்லை. அதனால்தான் சரி என்றேனோ என்னவோ.

காலையில் போய்ச் சாரக் கட்டு இறுக்கமாக இருக்கிறதா, மின்வயர் தண்ணீரில் கிடக்கிறதா, எல்லார் தலையிலும் ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் சொல்ல வேண்டும். பார்ப்பது எனக்கு வரும். சொல்வதுதான் வராது. உங்களுக்குத் தெரியாததா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
வெள்ளைத்துரை


கோயம்புத்தூர்
மார்ச் 21

துரைக்கு அக்கா ஆசி.

கண் பரவாயில்லை. மருந்து விட்டதும் கொஞ்ச நேரம் உலகமே கஞ்சித்தண்ணி மாதிரி தெரியும், பிறகு தெளிந்துவிடும்.

நீ ஒத்துக்கொண்டது நல்லது. சரவணனுக்கு அப்பா இல்லை. யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று "ஏலே, பார்த்து" என்று சொல்ல வேண்டும். நீ அங்கே இருக்கிறாய் என்றால் நான் இங்கே தூங்குவேன்.

ஆனால் பரணில் ஏறி வெண்கலப் பானையை எடுக்கச் சொன்னதற்கு ஏணியின் மூன்றாம் படியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றவன் நீ. மேலே ஏறாதே. கீழே நின்று பார்.

சொர்ணலட்சுமி


விருதுநகர்
ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சித்திரை வெயில் தலையைப் பிளக்கிறது. உங்கள் சர்க்கரை அளவை எழுதவில்லையே.

கீழே நின்று பார்க்கத்தான் நினைத்தேன். பூச்சு வேலை நாலாம் மாடிக்குப் போய்விட்டதால் நானும் போக வேண்டியதாயிற்று. அங்கே நடந்த ஒன்றை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அந்த மாடி ஒரு நீளமான கூடம். ஒரு கோடியில் படிக்கட்டு, இருட்டாக இருக்கும். மறு கோடியில் ஆள் உயரத்துக்கு ஒரு வாசல். அதற்கு வெளியே கண்ணாடி லிஃப்ட் வர வேண்டும். தீபாவளி கழிந்துதான் லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் வருவார்களாம். அதுவரை அந்த வாசலுக்கு அப்பால் ஒன்றுமில்லை. கீழே குழியில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வின்ச் வைத்துச் செங்கலும் சிமெண்டும் அந்த வாசல் வழியாகத்தான் மேலே ஏற்றுகிறார்கள். அதனால் அதை அடைக்கவும் முடியாது.

சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் ஆறேழு பேரும் அச்சங்குளம் பக்கத்துக்காரர்கள். இவர்கள் வேலை பார்த்த பட்டாசு ஆலை மூடிக் கிடக்கிறது, அதனால் இங்கே வந்திருக்கிறார்கள். செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். பூட்ஸ் கொடுத்தால் கையில் வாங்கி ஓரமாக வைக்கிறார்கள். பட்டாசு அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்று பழகிய கால்கள். தூக்குவாளியை வைத்ததும் முதல் வேலையாக வாசல் எங்கே என்று பார்க்கிறார்கள், அதற்கு முகம் காட்டித்தான் உட்காருகிறார்கள்.

திங்கட்கிழமை கீழ்த் தளத்தில், கான்கிரீட்டுக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் சென்ட்ரிங் தகடு ஒன்று சரிந்து விழுந்தது. பெரிய சத்தம். நான் திடுக்கிட்டுத் தலையைத் தூக்குவதற்குள் கூடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எல்லாரும் வெளிச்சத்தைப் பார்த்து ஓடியிருந்தார்கள். முன்னால் ஓடிய மாரிசெல்வி என்ற பெண் ஒரு காலை வாசற்படிக்கு வெளியே நீட்டி, வின்ச் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "இன்னொரு காலையும் வச்சிருந்தா என் தீபாவளி இங்கனயே முடிஞ்சிருக்கும் சார்" என்றாள் அவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் ஓடினாய், இது நாலாம் மாடி என்று தெரியாதா என்று கேட்டேன். "சத்தம் கேட்டப்புறம் வாசல் எங்கன இருக்குன்னு தேடுனா ஆள் இருக்கமாட்டோம் சார். முன்னாடியே காலுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள்.

அக்கா, அந்தக் கால்களுக்கு இப்போது தெரிந்திருப்பது இந்த வாசல்தான்.

தம்பி,
துரை


கோயம்புத்தூர்
ஏப்ரல் 29

துரைக்கு,

சர்க்கரை நூற்றெண்பது. போதுமா? உன் கடிதத்தைப் படித்ததில் இன்னும் ஏறியிருக்கும்.

இதை எனக்கு எழுதி என்ன பிரயோசனம்? சரவணனிடம் சொன்னாயா? நீ அவனுக்குத் தாய்மாமன். உன் மடியில் உட்கார வைத்துத்தான் அவனுக்குக் காது குத்தினோம். அந்தக் காதைப் பிடித்துச் சொல்ல உன்னைவிட யாருக்கு உரிமை?

நானும் அவனுக்கு எழுதுகிறேன். அவன் கடிதம் படிக்கிற ஆள் இல்லை.

அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகள் உண்டா? எழுது.

அக்கா


விருதுநகர்
ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதும்படியாக நான் எதையும் செய்திருக்கவில்லை, அதனால்தான் எழுதவில்லை.

மாரிசெல்விக்கு ஒரு மகள், ஏழாம் வகுப்பு. கணவன் வேலுச்சாமி மினி லாரி ஓட்டுகிறான்.

சரவணனிடம் சொல்லத்தான் செய்தேன், ஆனால் காதைப் பிடித்து அல்ல. அவன் இரண்டு போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நடுவே சொன்னேன். "வாசலை அடைச்சுட்டா செங்கல் பறந்தா வரும், மாமா?" என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒருநாள் ஆயிற்று. மறுநாள் போய், உள்பக்கமாகத் திறக்கும் இரும்புக் கேட் ஒன்று போடலாம், லோடு வரும்போது மட்டும் திறக்கலாம் என்றேன். பார்க்கலாம் என்றான்.

அவன் பார்ப்பதாகத் தெரியவில்லை. ஒருநாள் மனு எழுதிக்கொண்டு சூலக்கரைக்குப் பஸ் ஏறினேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் இறங்கி ஒரு டீ குடித்தேன். என் அக்கா மகன் மேல் நானே புகார் கொடுப்பதா என்று யோசித்தேன். இன்னொரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

பிறகு அரசு அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. இரண்டே நாளில் கேட் வந்துவிட்டது. மஞ்சளும் கறுப்புமாகப் பெயிண்ட். அதிகாரி நல்ல மனிதர், பொறுமையாகப் பார்த்தார். கேட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, "இப்படி எல்லாரும் செய்தால் எங்களுக்கு வேலையே இல்லை" என்று என் கையைக் குலுக்கினார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன், அக்கா.

மறுநாள் மேலே போனால் கேட் அகலத் திறந்து, ஒரு தேங்காய் நார்க் கயிற்றால் சுவர்க் கம்பியோடு கட்டப்பட்டிருந்தது. நல்ல முடிச்சு. அவிழ்த்துச் சாத்தினேன். மதியம் பார்த்தால் மறுபடி கட்டியிருந்தது.

யார் கட்டியது என்று கேட்டேன். எல்லாரும்தான். பட்டாசு அறையில் ஆள் இருக்கும்போது கதவைச் சாத்தினால் வேலை போய்விடும். திறந்து, கட்டி வைத்துவிட்டுத்தான் மருந்தில் கை வைக்க வேண்டும். அந்தப் பாடம் அவர்களுக்கு எலும்பில் ஏறியிருக்கிறது. ஒருநாள் பூட்டுப் போட்டேன். முருகம்மாள் என்ற பெரியவள் வேர்த்து விறுவிறுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி மணிமுத்து என்னை முறைத்துக்கொண்டே பூட்டைத் திறந்தார்.

இந்தக் கதவுதான் ஆபத்து என்று கையைக் கட்டிக்கொண்டு அவர்களுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் மாரிசெல்வி சொன்னாள்: "நீங்க சொல்றது மண்டைக்குப் புரியுது சார். காலுக்குப் புரியலை."

சரவணனிடம் போனேன். "கேட் கேட்டீக, போட்டாச்சு. இனி அவுகளே கட்டி வச்சா நான் என்ன செய்ய, மாமா?" என்றான். அவன் சொன்னதிலும் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

சீசன் ஆரம்பித்துவிட்டது. சுற்றிலும் உள்ள ஆலைகளில் தீபாவளி ஆர்டருக்கு வேலை நடக்கிறது. எப்போது எந்தப் பக்கம் சத்தம் கேட்கும் என்று யாருக்குத் தெரியும்?

தம்பி,
துரை


விருதுநகர்
ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் அட்டை கிடைத்தது. பேத்தி கீர்த்திகா பரீட்சையில் தேறியதில் சந்தோஷம். என் முழங்காலுக்கு ரோஷினி அனுப்பிய உறையைப் போட்டுக்கொள்கிறேன். இதமாக இருக்கிறது.

கேட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது திறந்துதான் இருக்கிறது. நான் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். கவலைப்பட வேண்டாம்.

இப்போது எனக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது. முதுகில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பதால் முழங்காலுக்கு வேலையில்லை. உச்சி வெயிலிலும் வேர்ப்பதில்லை. லோடு வரும்போது மட்டும் எழுந்து நாற்காலியை ஒதுக்க வேண்டும்.

பெண்கள் என்னைக் 'கதவு சார்' என்று கூப்பிடுகிறார்கள். செங்கல் மேலே வந்ததும், "ஏ, கதவைத் தொறக்கச் சொல்லுங்க, லோடு வந்திருச்சு" என்று மாரிசெல்வி குரல் கொடுப்பாள். நான் எழுவேன். "கதவு இன்னைக்கு எண்ணெய் போடாம வந்திருக்கு, முட்டி கிறீச்சுங்குது" என்பாள் முருகம்மாள். கூடமே சிரிக்கும். மரியாதைக் குறைவாகச் சொல்வதில்லை. எனக்கும் கோபம் வரவில்லை.

இந்தக் கடிதத்தைக்கூட அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தாள் பறக்கப் பார்க்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் காற்றுதான் காரணம்.

தம்பி,
துரை


கோயம்புத்தூர்
ஜூலை 31

துரை,

உன் எழுத்து காற்றால் கோணவில்லை. அப்பா முன்னால் வாய்ப்பாடு எழுதும்போது உன் வரி எப்படிச் சாயும் என்று எனக்குத் தெரியும்.

முதுகில் காற்று வருகிறது என்றால் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? எங்கே நாற்காலி போட்டிருக்கிறாய்? மறைக்காமல் எழுது.

அக்கா


விருதுநகர்
ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் நலம் வேண்டுகிறேன். கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

நாலாம் மாடியில், அந்த வாசலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். முகம் உள்ளே, முதுகு வெளியே.

வேறு வழிகளைப் பார்க்காமல் இல்லை. வாசலில் செங்கல் அடுக்கிப் பார்த்தேன். லோடுக்காகத் தள்ளி வைத்தார்கள், திரும்ப வைக்க மறந்தார்கள். சிவப்புத் துணி கட்டினேன், காற்றில் போயிற்று. கதவு திறந்திருக்க வேண்டும், ஆனால் ஒருவரும் அதன் வழியே போகக் கூடாது. அப்படியென்றால் தானே எழுந்து, தானே மறுபடி உட்கார்ந்துகொள்ளும் பொருள் ஒன்று அங்கே வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படிப்பட்ட பொருள் மனிதன்தான். வயதான ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தால் மோதக் கூடாது என்று காலுக்கும் தோன்றும் அல்லவா?

பயமாகத்தான் இருக்கிறது. நான் ஒருநாளும் கீழே பார்த்ததில்லை. வேகமாக ஓடிவருகிறவள் மோதினால் என் எடை அவளை நிறுத்துமா என்று வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடையை உங்களுக்கு எழுதவில்லை.

வேலையை விட்டுவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். அப்படிச் செய்தால் அந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள்?

நான் என்ன செய்யட்டும் என்று எழுதுங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி,
துரை


விருதுநகர்
செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. ரோஷினியிடம் போனில் கேட்டேன். அம்மா நன்றாகத்தான் இருக்கிறார், காலையில் எழுத உட்காருகிறார், பிறகு எழுந்துவிடுகிறார் என்றாள்.

என் மேல் கோபமா?

நான் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

துரை


விருதுநகர்
அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒன்று. நான் உயிரோடு இருக்கிறேன். எல்லாரும் இருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு. மாரிசெல்வி என் பக்கத்துச் சுவரோரமாகக் குனிந்து சாந்து குழைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் நடுக் கூடத்தில் இருந்தார்கள். முருகம்மாள் ஏதோ கேலி சொல்லி முடித்திருந்தாள். முதலில் தளம் ஒருமுறை குலுங்கியது. பிறகு அந்தச் சத்தம். தெற்கே எங்கோ ஒரு பட்டாசு ஆலை. மேலிருந்து சிமெண்ட் தூசி கொட்டிக் கூடம் வெளுத்துவிட்டது.

இனி எழுதப் போவதை நீங்கள் மட்டும் படியுங்கள்.

நான் உட்கார்ந்திருக்கவில்லை, அக்கா. எழுந்ததுகூட நினைவில்லை. எனக்கு நினைவு திரும்பும்போது இரண்டாம் மாடிப் படியில் ஓடிக்கொண்டிருந்தேன். ஏணியில் கண்ணை மூடுகிற இந்த ஆள், முழங்கால் உறையோடு, எல்லாருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். இத்தனை மாதம் அந்த வாசலில் உட்கார்ந்தது எதற்கென்று அந்த நொடியில் என் மண்டைக்கு நினைவில்லை. என் காலுக்கும் பயம்தான் தெரிந்திருக்கிறது.

பின்னால் வெறுங்கால்களின் சத்தம் தடதடவென்று வந்தது. என் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் நான் ஓடுவதைப் பார்த்து என் பின்னாலேயே ஓடிவந்திருக்கிறார்கள். ஒருவர்கூட வாசல் பக்கம் போகவில்லை. ஒருத்தியைத் தவிர.

குனிந்திருந்த மாரிசெல்வி என்னைப் பார்க்கவில்லை. அவள் நிமிர்ந்தபோது தூசியில் தெரிந்தது அந்த வெளிச்சம் மட்டும்தான். நாங்கள் கீழே வந்து சேர்ந்தபோது லிஃப்ட் குழியில் என் நாற்காலி கம்பிகளில் சொருகிக் கிடந்தது. மேலே பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மணிமுத்து மேஸ்திரிதான் திரும்ப ஓடினார்.

அவள் வாசற்படியில் குப்புறக் கிடந்தாளாம். நாற்காலி அவள் காலை இடறி, அவளை இந்தப் பக்கம் தள்ளிவிட்டு, தான் அந்தப் பக்கம் போயிருக்கிறது. ஒரு கையால் கேட்டின் கம்பியைக் கட்டிப் பிடித்திருந்தாள். விரலைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கணுக்காலுக்கு மேலே வெட்டு, தையல் போட்டார்கள்.

அந்த ஆலையில் மூன்று பேர் போய்விட்டார்கள். மாரிசெல்வியின் மதினி அங்கேதான் வேலை பார்க்கிறாள். அன்று அவள் லீவு. அது தெரியும்வரை மணலில் உட்கார்ந்து ஒவ்வொருவரும் போன் போட்டுக்கொண்டிருந்ததை நான் எழுதப் போவதில்லை.

நான் அங்கே உட்கார்ந்திருந்தால் நாங்கள் இருவரும் கம்பியில் கிடந்திருப்போம். வீட்டில் போட்ட கணக்கின் விடையும் அதுதான்.

"சார்தான் முன்னால ஓடி வழி காட்டுனாக. இல்லைன்னா நாங்க அம்புட்டுப் பேரும் அந்தப் பக்கம்தான் போயிருப்போம்" என்று முருகம்மாள் எல்லாரிடமும் சொல்கிறாள். பயத்தில் ஓடினேன் என்று சொல்லிப் பார்த்தேன். அடக்கம் என்கிறார்கள்.

துரை


கோயம்புத்தூர்
அக்டோபர் 13

துரைக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதத்தை ரோஷினியிடம்கூடக் காட்டவில்லை.

ஆகஸ்டிலிருந்து உனக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். எழுந்து வந்துவிடு என்று எழுதினால் அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை கண் முன்னால் நிற்கிறாள். அங்கேயே இரு என்று நான் எந்தக் கையால் எழுதுவேன்?

முந்தாநாள் சரவணன் வந்திருந்தான். சாப்பாடு வேண்டாம் என்றான். நான் அடுப்படியில் நிற்க, என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். காது மிஷின் மேசையில் இருந்தது அவனுக்குத் தெரியும். நானும் திரும்பவில்லை. அவன் சொல்லி முடிக்கட்டும் என்று வெறும் தண்ணீரைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

நீ பயந்தவன் என்பது எனக்குப் புதுச் செய்தி இல்லை. பயந்தவன் அங்கே போய் இத்தனை நாள் உட்கார்ந்தான் என்பதுதான் புதுச் செய்தி. அதை மட்டும் வைத்துக்கொள். மற்றதை நான் அடுப்பில் போட்டுவிட்டேன்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

அக்கா


விருதுநகர்
நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

மழை இறங்கிவிட்டது. ஒத்தடம் கொடுக்கிறேன். தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய வேட்டி சரியாக இருக்கிறது. அன்று முழுவதும் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

சரவணன் வின்ச்சைப் படிக்கட்டுக்குப் பின்னால் மாற்றிவிட்டான். அந்த வாசலைத் தானே பக்கத்தில் நின்று, லிஃப்ட் வரும்வரைக்குமாகச் செங்கல் வைத்து அடைத்தான். புது நாற்காலி ஒன்றை வாங்கி வந்து, தன் துண்டால் துடைத்துப் படிக்கட்டு ஓரத்தில் போட்டுவிட்டுப் போனான். இப்போது அங்கேதான் உட்காருகிறேன். படிக்கு இரண்டு பல்பும் போட்டிருக்கிறது.

மாரிசெல்வி தாங்கித் தாங்கி நடந்து வேலைக்கு வந்துவிட்டாள். பெண்கள் எல்லாரும் இப்போது என் பக்கம் முகம் காட்டித்தான் உட்காருகிறார்கள்.

வியாழக்கிழமை தண்ணீர் குடிக்க எழுந்தேன். பூச்சுக் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. பார்த்தால் அத்தனை பேரும் வெறுங்காலோடு, பாதி எழுந்த நிலையில், என் காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தண்ணீருக்குத்தான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நான் குடித்துவிட்டு உட்கார்ந்த பிறகுதான் அவர்களும் உட்கார்ந்தார்கள்.

அன்றிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்திருக்கப் பழகிவருகிறேன், அக்கா.

தம்பி,
வெள்ளைத்துரை